யுனிக்ஸ் முறைமையும் அதனைச் செப்பனிட்டோரும் — ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளை ஆக்கியோரை வரலாறு நினைவிற் கொள்ளும் அளவிற்கு அதனைப் பழுதுபார்த்தோரை நினைவிற் கொள்வதில்லை. குளத்தைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்வெட்டிலே நிலைத்திருக்கும். ஆண்டுதோறும் அதன் கட்டினைத் திருத்திய ஊரவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. கணனியின் வரலாற்றிலும் இந்நிலையே காணப்படுகின்றது. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைப் பற்றி எழுதுவோர் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகிய இருவரின் மேதைமையை விதந்துரைப்பர். அது தகும். ஆயினும், 1969 இல் ஒரு சிறு கணனியிலே தோன்றிய முறைமையொன்று, அக்கணனி வழக்கொழிந்து பல தசாப்தங்கள் சென்ற பின்னரும் எவ்வாறு நிலைத்தது என்னும் வினாவிற்கு ஆக்கியோரின் மேதைமை மாத்திரம் விடையாகாது. அதனைப் பெற்றுக்கொண்ட இடங்களிலெல்லாம் அதனைப் பிரித்துப் பார்த்து, வழுக்களைக் களைந்து, புதிய இயந்திரங்களிலே மீள நிறுவியோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளருமாவர். அவர்களது பணியையும், அப்பணியின் உள்ளேயே மறைந்திருந்த ஒரு முரண்பாட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிசெயல் முறைமை என்பது கணனியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோரின் செய்நிரல்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிடுதல், வட்டிலே கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்தல், பலருக்கும் மாறி மாறி நேரம் ஒதுக்குதல் முதலிய கருமங்களை ஆற்றும் செய்நிரற் கூட்டமாகும். அதனுள் எப்பொழுதும் நினைவகத்திலே தங்கியிருந்து ஏனையவற்றை ஆளும் பகுதியைக் கருப்பகுதி எனலாம். கருப்பகுதியில் வழுவொன்று இருப்பின் முழு இயந்திரமும் நின்றுவிடும். ஆதலால் அதனைத் திருத்துவது ஏனைய செய்நிரல்களைத் திருத்துவதிலும் பார்க்க அரிது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் அச்சாணியை மாற்றுவதை அது ஒக்கும்.

1960களின் நடுப்பகுதியில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனமும் ஜெனரல் எலெக்றிக் நிறுவனமும் பெல் ஆய்வுகூடமும் இணைந்து மல்ரிக்ஸ் என்னும் பெரும் முறைமையொன்றை உருவாக்கத் தொடங்கின. பணி நீண்டு செலவும் பெருகியமையால் 1969 இல் பெல் ஆய்வுகூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அம்முயற்சியிற் பங்குகொண்டிருந்த தொம்சன், அதிகம் பயன்படாதிருந்த பி.டி.பி. 7 என்னும் சிறு கணனியிலே அவ்வாண்டின் கோடையிற் புதிய முறைமையொன்றின் அடிப்படையை அமைத்தார். றிச்சியும் றட் கனடேயும் கோப்பு முறைமையின் வடிவமைப்பிற் பங்குகொண்டனர். 1970 இல் காப்புரிமைப் பிரிவினரின் ஆவணங்களைத் தட்டச்சுச் செய்து ஒழுங்குபடுத்தும் முறைமையொன்றை ஆக்கித் தருவதாகக் கூறிப் பி.டி.பி. 11 என்னும் புதிய கணனியை அவர்கள் வாங்குவித்தனர். அக்கணனி கோடையின் இறுதியில் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குரிய வட்டு டிசெம்பர் வரை வரவில்லை. அந்த மூன்று மாதங்களும் அக்கணனி ஒரு மூலையிலிருந்து, ஆறுக்கு எட்டு என்னும் அளவுடைய சதுரங்கப் பலகையிலே குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மிதித்துத் தொடங்கிய இடத்திற்குத் திரும்பும் வழிகள் எத்தனை என எண்ணிக்கொண்டிருந்ததாக றிச்சி பதிவு செய்துள்ளார்.

வட்டு வந்த பின்னர் 1971 இல் காப்புரிமைப் பிரிவின் தட்டச்சாளர்கள் யுனிக்ஸின் முதற் பயனாளராயினர். அக்கணனியின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே. அதில் 16 கிலோபைற்றுக் கருப்பகுதிக்கும் 8 கிலோபைற்றுப் பயனாளரின் செய்நிரலுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. வட்டின் கொள்ளளவு 512 கிலோபைற்று. ஒரு செய்நிரல் இன்னொன்றின் நினைவகப் பகுதியிற் புகாதவாறு தடுக்கும் காவல் எதுவும் அவ்வியந்திரத்தில் இருக்கவில்லை. தட்டச்சாளர்கள் வேலைசெய்துகொண்டிருக்கையில், அதே இயந்திரத்திலேயே புதிய செய்நிரல்கள் சோதிக்கப்பட்டன. சோதனை பிழைத்தால் அனைவரின் வேலையும் தடைப்படும். வட்டு நிறைந்துவிடுவதாற் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை கோப்புகளைக் காந்த நாடாவிற்கு மாற்றவேண்டியும் இருந்தது. செப்பனிடுதலும் பயன்படுத்துதலும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில் நிகழ்ந்த இந்நிலை யுனிக்ஸின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு மிக முக்கியமானதாகும்.

அக்காலத்தில் முறைமைக்குத் தனித்த வெளியீடுகள் இருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முதலாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என இன்று வழங்கும் பெயர்கள் உண்மையில் பயனாளர் கைந்நூலின் பதிப்புகளையே குறிப்பன. முதலாம் பதிப்பு 1971 நவெம்பர் 3 ஆந் திகதியைக் கொண்டது. 1972 ஜூனில் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது யுனிக்ஸ் நிறுவப்பட்ட இடங்களின் தொகை 10 ஆக இருந்தது. கைந்நூல் ஒருமுறை அச்சாகி அடுத்த முறை அச்சாவதற்கு இடையில் முறைமை நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. திருத்தப்பட்ட செய்நிரல் பழையதன் இடத்திலேயே எழுதப்படும், பழையது அழிந்துபோம். வட்டு சிறிதாகவும் நாடா விலையுயர்ந்ததாகவும் இருந்த காலத்தில் இது இயல்பே.

இத்தகைய இடையறாத் திருத்தத்திற்கு நேரக்கணக்கு நல்லதோர் உதாரணமாகும். முதலாம் பதிப்பிலே நேரம் ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்காக எண்ணப்பட்டு 32 பிற்றுக்களிற் சேமிக்கப்பட்டது. அவ்வெண்ணிக்கை இரண்டே கால் ஆண்டுகளுக்குச் சற்று மேலானதும் நிரம்பிவிடும். ஆதலின் எண்ணிக்கை தொடங்கும் ஆண்டினை அவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முன்னகர்த்தினர். ஈற்றில் அலகினைச் செக்கனாக்கி, 1970 ஜனவரி 1 ஐத் தொடக்கமாகக் கொண்டனர். இத்திருத்தம் அவர்களது காலத்திற்குப் போதுமானதாயிற்று. எனினும் 32 பிற்றிலே இவ்வாறு எண்ணும் முறைமைகள் 2038 ஜனவரி 19 ஆந் திகதி அதே இடரை மீண்டும் எதிர்கொள்ளும். ஒரு தலைமுறையின் பழுதுபார்ப்பு அடுத்த தலைமுறைக்குப் பழுதாக வந்து சேர்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1973 இல் நிகழ்ந்த மாற்றம் இவை எல்லாவற்றிலும் பெரியது. அதுவரை கருப்பகுதி, குறித்த ஓர் இயந்திரத்திற்கே உரிய ஒருங்குசேர்ப்பு மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனை உயர்நிலை மொழியொன்றில் எழுதத் தொம்சன் 1972 இல் முயன்று கைவிட்டார். றிச்சி ஆக்கிய சி மொழியிலே, வேறுபட்ட தரவுகளை ஒரு கட்டமைப்பாகச் சேர்த்துக் கையாளும் வசதி இணைக்கப்பட்ட பின்னர் 1973 இல் அப்பணி கைகூடியது. அவ்வாண்டு நவெம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பு அதனைக் குறிக்கின்றது. மொழி இயந்திரத்தினின்று விடுபட்டமையால் முறைமையும் இயந்திரத்தினின்று விடுபட வழி பிறந்தது.

இனி, யுனிக்ஸ் பெல் ஆய்வுகூடத்திற்கு வெளியே சென்ற வரலாற்றை நோக்கலாம். ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.ரி. அன் ரி. நிறுவனம், அமெரிக்க அரசு தொடுத்த வழக்கொன்றின் தீர்வாக 1956 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, தொலைத்தொடர்புத் துறைக்குப் புறம்பான வணிகங்களில் ஈடுபட முடியாதிருந்தது. ஆகவே யுனிக்ஸைச் சந்தைப் பொருளாக விற்க அதனால் இயலவில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டபோது சிறு கட்டணத்திற்கு நாடாவும் உரிமப் பத்திரமும் வழங்கப்பட்டன. ஆனால் விளம்பரம் இல்லை, பராமரிப்பு இல்லை, வழுக்களைத் திருத்தித் தரும் கடப்பாடும் இல்லை. பெற்றுக்கொண்டவர் தம் பாட்டைத் தாமே பார்க்கவேண்டும். வணிக நோக்கில் இஃது ஒரு பெருங் குறையாகும். ஆனால் நாடாவிலே மூலநிரல் முழுவதும் இருந்தது. மருத்துவரை அனுப்பாவிடினும் மருத்துவ நூலை அனுப்பிவிட்டார்கள் எனலாம். அதனைக் கற்றுத் தாமே மருத்துவராவதைத் தவிரப் பெற்றவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

1973 ஒக்டோபரில் நியூ யோர்க் மாநிலத்தில் நடைபெற்ற மாநாடொன்றிலே தொம்சனும் றிச்சியும் தம் முறைமை பற்றிய கட்டுரையை வாசித்தனர். அதனைச் செவிமடுத்த பேர்க்ளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொப் ஃபப்ரி அம்முறைமையைப் பெற விரும்பினார். அதற்கென ஒரு பி.டி.பி. 11/45 கணனியைக் கணனி விஞ்ஞானம், கணிதம், புள்ளிவிபரவியல் ஆகிய மூன்று துறைகளும் கூட்டாக வாங்கின. 1974 ஜனவரியில் நான்காம் பதிப்பின் நாடா வந்தது. பட்டப்பின் மாணவர் ஒருவர் அதனை நிறுவினார். ஆனால் ஏனைய இரு துறையினரும் கணனியை உற்பத்தி செய்த நிறுவனத்தின் முறைமையையே விரும்பினர். எனவே நாளொன்றில் 8 மணித்தியாலம் யுனிக்ஸும் 16 மணித்தியாலம் மற்றைய முறைமையும் இயங்குவதெனப் பங்கீடு செய்யப்பட்டது. நீதி கருதி அந்த 8 மணித்தியாலமும் சுழற்சி முறையில் மாற்றப்பட்டது. ஒருநாள் காலை 8 முதல் பிற்பகல் 4 வரை, மறுநாள் 4 முதல் நள்ளிரவு வரை, அதற்கடுத்த நாள் நள்ளிரவு முதல் காலை 8 வரை. இவ்வளவு இடர்ப்பாட்டிற்கும் மத்தியிலே மாணவர் யுனிக்ஸையே நாடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

நிறுவிய முறைமை அடிக்கடி நிலைகுலைந்தது. நியூ ஜேர்சியிலிருந்த தொம்சன் அதன் காரணத்தை அறிய முற்பட்டார். பேர்க்ளியிலிருந்த மோடம், தொலைபேசியின் கைபிடியை அதன் மீது பொருத்தி வைத்தால் மட்டுமே வேலைசெய்யும் பழைய வகையைச் சேர்ந்தது; தானாக அழைப்பை ஏற்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே தொம்சன் முதலிற் கணனி அறைக்குத் தொலைபேசியில் அழைப்பார். மாணவர் கைபிடியை மோடத்தின் மீது வைப்பார். பின்னர் தொம்சன் நாட்டின் மறு கரையிலிருந்தவாறே, நிலைகுலைந்த வேளையில் நினைவகம் இருந்த நிலையை வரி வரியாக ஆராய்வார். காரணமும் தெரியவந்தது. இரண்டு வட்டுகளின் வாசிப்புத் தலைகளையும் ஒரே நேரத்தில் நகர்த்த இயலும் என வட்டுக் கட்டுப்படுத்தியின் கைந்நூல் கூறியது. உண்மையிலோ அது நம்பகமாக நிகழவில்லை. ஒரே கட்டுப்படுத்தியில் இரு வட்டுகள் பொருத்தப்பட்ட இயந்திரத்தைத் தொம்சன் முதன்முதலாகச் சந்தித்த இடங்களுள் பேர்க்ளியும் ஒன்று. ஆக்கியோனுக்குத் தெரியாத வழு, பயன்படுத்தியோனின் இடத்திலேதான் வெளிப்பட்டது.

1974 இலேயே யுனிக்ஸைப் பயன்படுத்துவோர் நியூ யோர்க்கிலே கூடித் தத்தம் திருத்தங்களைப் பரிமாறத் தொடங்கினர். 1975 இல் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. அதிற் காணப்பட்ட வழுக்களுக்குரிய ஐம்பது வரையிலான திருத்தங்களைத் தொம்சன் திரட்டி வைத்திருந்தார். ஆயின் அவற்றை வெளியே அனுப்புவதற்கு நிறுவனத்தின் சட்டத்தரணிகள் இசையவில்லை. திருத்தம் அனுப்பினால் அது பராமரிப்பாகிவிடும்; பராமரிப்புச் செய்தால் வணிகம் ஆகிவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணமாயிருக்கலாம். இதன் முடிவு பற்றி யுனிக்ஸ் வட்டாரங்களில் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. பயனாளர் சங்கத்தின் முதற் தலைவரான லூ கற்ஸ் என்பாருக்கு ஒருநாள் தொலைபேசி அழைப்பொன்று வந்ததாம். பெல் ஆய்வுகூடம் அமைந்திருந்த மவுன்ரன் அவெனியூவிலே குறித்த ஓரிடத்திற்குக் குறித்த நேரத்தில் வந்தால் பயனுள்ள ஒன்று கிடைக்கும் என்று குரல் கூறியதாம். அவர் சென்றபோது அங்கே ஒரு காந்த நாடா கிடந்தது. சில நாட்களில் அத்திருத்தங்கள் பல பல்கலைக்கழகங்களின் இயந்திரங்களிலே ஏறிவிட்டன. செய்தியின் சிறு விபரங்களில் மிகை இருக்கலாம்; ஆயினும் ஒரு மென்பொருளின் செப்பனிடல் தெருவோரத்திற் கைமாறவேண்டியிருந்த நிலையை அது சரியாகவே உணர்த்துகின்றது.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த ஜோன் லயன்ஸ் ஆற்றிய பணி இவை எல்லாவற்றிலும் ஆழமானது. பெல் ஆய்வுகூடத்திலிருந்து பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்த அவருக்கு, முறைமை நின்றுவிட்டால் அழைத்துக் கேட்க எவரும் அண்மையில் இல்லை. 1976 இல் அவர் ஆறாம் பதிப்பின் கருப்பகுதியை, ஏறத்தாழ 9000 வரிகளை, வரிசை எண்ணிட்டு ஒரு நூலாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கவுரையை மற்றொரு நூலாகவும் தம் மாணவருக்கென அமைத்தார். மூலமும் உரையுமாக அமைந்த இவ்வமைப்புத் தமிழ் மாணவருக்குப் புதியதன்று. ஆனால் உண்மையாக இயங்கும் பணிசெயல் முறைமையொன்றை ஆதி முதல் அந்தம் வரை வகுப்பறையிலே படித்தல் அன்று கணனி உலகிற்குப் புதியதாயிருந்தது. செப்பனிடுவதற்குத் தேவையான அறிவு, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வாய்வழியாகச் செல்லும் நிலை மாறி, எவரும் கற்கத்தக்க பாடமாயிற்று.

அதே நாட்டின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்திற் பி.டி.பி. இனக் கணனி இருக்கவில்லை. இன்ரடேற்றா 7/32 என்னும் வேறொரு நிறுவனத்தின் கணனியே இருந்தது. அங்கு பணியாற்றிய றிச்சட் மில்லர் 1977 இல் ஆறாம் பதிப்பை அக்கணனிக்கு மாற்றி நிறுவினார். அதே ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தில் றிச்சியும் ஸ்ரீவ் ஜோன்சனும் இன்ரடேற்றா 8/32 கணனிக்கு அதனை மாற்றினர். இரு சாராரும் ஒருவரை ஒருவர் சாராது ஒரே பணியைச் செய்து முடித்தமை, மூலநிரல் கையிலிருந்தால் ஆக்கியோனுக்கும் கற்றோனுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறுகிவிடும் என்பதைக் காட்டுகின்றது.

இந்நிலை நீடிக்கவில்லை. 1979 இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, மூலநிரலை வகுப்பறையிற் கற்பித்தலை அதன் உரிமப் பத்திரம் தடைசெய்தது. யுனிக்ஸின் வணிகப் பெறுமதியை நிறுவனம் உணரத் தொடங்கியிருந்தது. மேம்பட்ட பதிப்பைப் பெற விரும்பிய பல்கலைக்கழகம், அதனைக் கற்பிக்கும் உரிமையை விலையாகக் கொடுக்கவேண்டியதாயிற்று. கல்வித்துறையினர் இம்மாற்றத்தை அன்றே கடுமையாக எதிர்த்திருக்கவேண்டும், அவ்வாறு நிகழவில்லை. அவர்கள் செய்தது வேறு. லயன்ஸின் நூல் நிழற்பிரதியாகவும், நிழற்பிரதியின் நிழற்பிரதியாகவும் உலகின் பல பல்கலைக்கழகங்களிலே கைமாறியது. எழுத்து மங்கி வாசிக்க இயலாத நிலை எய்திய பிரதிகளும் பேணப்பட்டன. அம்ஸ்ரடாமிலே விரிவுரையாளராயிருந்த அன்ட்று ரனென்போம், தம் மாணவருக்கு மூலநிரல் காட்டிக் கற்பிக்க வழியற்றமையால், அளவிற் சிறிய மினிக்ஸ் என்னும் முறைமையைத் தாமே எழுதி 1987 இல் வெளியிட்டார். அதனைப் பயன்படுத்திய பின்லாந்து மாணவர் லீனஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் லினக்ஸைத் தொடங்கினார். லயன்ஸின் நூல் 1996 இலேயே முறையாக அச்சேறியது. 1998 டிசெம்பரில் அவர் காலமானார்.

இங்குதான் மேலே குறிப்பிட்ட முரண்பாடு தோன்றுகின்றது. இடையறாத செப்பனிடலாலேயே யுனிக்ஸ் உயிர்வாழ்ந்தது. அதே செப்பனிடலாலேயே அதன் தொடக்கம் அழிந்தது. ஒவ்வொரு திருத்தமும் தனக்கு முன்னிருந்ததன் மீது எழுதப்பட்டமையால், 1990களில் முதல் நான்கு பதிப்புகளின் முழுமையான மூலநிரல் எங்குமே கிடைக்கவில்லை. கைந்நூல்கள் இருந்தன, அவை விபரித்த முறைமை இருக்கவில்லை. கோயிலைப் பலமுறை புதுப்பித்தோர் பழைய கல்வெட்டுகளைப் படிக்கற்களாக்கிய கதையை இது நினைவூட்டும்.

அழிந்ததைத் தேடும் பணி 1990களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவிலேயே தொடங்கியது. வொரன் டூமி என்னும் விரிவுரையாளர், பழைய யுனிக்ஸ் நாடாக்களையும் ஆவணங்களையும் திரட்டும் சங்கமொன்றை அமைத்தார். முதலிற் குறுக்கிட்டது சட்டமே. யுனிக்ஸின் உரிமை பல கைகள் மாறி எஸ்.சி.ஓ. நிறுவனத்திடம் இருந்தது. ஆர்வலரின் வேண்டுகோளை ஏற்று 1998 இல் அந்நிறுவனம் 100 டொலருக்குத் தனியாளர் உரிமம் வழங்க இசைந்தது. 2002 ஜனவரியில், அப்போதைய உரிமையாளரான கல்டெரா நிறுவனம் முதல் ஏழு பதிப்புகளையும் எவரும் பயன்படுத்தத்தக்கவாறு விடுவித்தது. அவற்றுட் சில அப்போது உலகில் எங்கு இருந்தன என்பதே தெரியாத நிலையில் அவை விடுவிக்கப்பட்டமை விந்தையானதாகும்.

றிச்சியிடம் 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த சில நாடாக்கள் எஞ்சியிருந்தன. அவற்றை வாசிக்கும் சாதனம் வழக்கொழிந்திருந்தது. போல் விக்சி, கீத் பொஸ்ரிக் என்னும் இருவர் பழைய சாதனமொன்றைச் சீர்செய்து, பிற்காலக் கணனியொன்றுடன் பொருத்தி அவற்றை வாசித்துக் கொடுத்தனர். அவற்றிலே பழைய சி மொழித் தொகுப்பான் சிலவும், இயங்கத்தக்க வடிவிலமைந்த செய்நிரல்களும், 1973 ஐச் சேர்ந்த கருப்பகுதியொன்றும் கிடைத்தன. ஆனால் முதலாம் பதிப்பின் கருப்பகுதி கிடைக்கவில்லை. அது நாடாவில் அன்றித் தாளில் இருந்தது. பெல் ஆய்வுகூடத்தினுள்ளே யுனிக்ஸின் அமைப்பைக் கற்பதற்கென 1972 ஜூனிற் தயாரிக்கப்பட்ட ஆவணமொன்றிலே அதன் நிரல் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தது. கற்பித்தற்பொருட்டு எடுக்கப்பட்ட ஒரு பிரதியே எஞ்சியது என்பதைக் கல்வியாளர் கவனித்தல் வேண்டும்.

2008 இல் டூமியும் வெவ்வேறு நாடுகளிலிருந்த தொண்டர் சிலரும் அதனை உயிர்ப்பிக்க முற்பட்டனர். வருடியினாற் பெறப்பட்ட தாள்கள் மங்கலாயிருந்தமையாற் பக்கங்களைத் தம்முள் பங்கிட்டு எழுத்துகளாக மாற்றினர். ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மூலத்துடன் ஒப்புநோக்கினார். ஒருங்குசேர்ப்பு மொழியில் ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் பொருள் மாறிவிடும். அந்நிரலை இயந்திர மொழியாக்கும் ஒன்றுசேர்ப்பான் முதலாம் பதிப்பிற்குரியதாகக் கிடைக்காமையாற் பிற்காலப் பதிப்பினது பயன்படுத்தப்பட்டது. இயங்குவதற்கு இயந்திரமும் வேண்டும். பி.டி.பி. 11/20 கணனியைப் போலவே நடக்கும் செய்நிரலொன்று ஏற்கெனவே இருந்தது. எனினும் அக்கணனியிற் பெருக்கலையும் வகுத்தலையும் செய்வதற்குப் புறம்பாகப் பொருத்தப்பட்ட கருவியை அச்செய்நிரல் அறிந்திருக்கவில்லை. யுனிக்ஸோ அக்கருவியை நம்பி எழுதப்பட்டிருந்தது. ஆகவே இல்லாத இயந்திரத்திற்கு இல்லாத உறுப்பொன்றை எழுதிச் சேர்க்கவேண்டியிருந்தது.

கருப்பகுதி இயங்கியது. ஆயின் அதன் கீழ் ஓடவேண்டிய செய்நிரல்கள் றிச்சியின் நாடாக்களிலிருந்து பெறப்பட்டமையால், அவை சற்றுப் பிற்பட்ட காலத்தனவாயிருந்தன. அவற்றின் தலைப்பு அமைப்பு வேறு. சி மொழித் தொகுப்பானுக்கு 8 கிலோபைற்று நினைவகமும் போதவில்லை. இரண்டிற்கும் ஏற்பக் கருப்பகுதியிற் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. இதனால் ஒரு வினா எழுகின்றது. 1971 இல் இருந்தவாறே வைத்தாற் பல செய்நிரல்கள் ஓடா. ஓடும்படி திருத்தினால் அது 1971 இன் முறைமை அன்று. டூமி குழுவினர் மூலத்தை மாற்றமின்றித் தனியாகவும், திருத்தங்களைத் தனியாகவும் பேணி இதனைத் தீர்த்தனர். சுவடிப் பதிப்பாசிரியர் பாடத்தையும் தம் திருத்தத்தையும் வேறு பிரித்துக் காட்டுவதை ஒத்த நேர்மை இது. முதலாவது தலைமுறையினர் செய்யாத ஒன்றும் இதுவே.

பழைய கோப்புகளிலே தேடுவோர்க்கு எதிர்பாராதனவும் கிட்டுவதுண்டு. பேர்க்ளியின் பழைய வெளியீடொன்றிலே பயனாளரின் கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்ட வடிவில் எஞ்சியிருந்தன. தொம்சனுடையது மட்டும் நெடுநாள் உடைபடவில்லை. 2019 ஒக்டோபரிலே அது வெளிப்பட்டது. அரசியின் முன்னுள்ள காலாளை இரு கட்டம் முன்னகர்த்தும் சதுரங்க நகர்வின் பழைய குறியீடே அது.

பி.டி.பி. 7 கணனிக்கென எழுதப்பட்ட முதல் யுனிக்ஸும் தாளிலிருந்தே மீண்டது. 2016 இல் அதன் நிரற்றாள்கள் டூமியை அடைந்தன. பயனாளரின் கட்டளைகளை ஏற்கும் செய்நிரல் அவற்றுள் இல்லாமையால் தொண்டர்கள் அதனைப் புதிதாக எழுதிச் சேர்த்தனர். 2019 இல், யுனிக்ஸ் தோன்றிய ஐம்பதாம் ஆண்டிலே, சியற்றில் நகரின் கணனி அரும்பொருட் காட்சியகத்திலிருந்த உண்மையான பி.டி.பி. 7 ஒன்றில் அது இயக்கப்பட்டது. அக்காட்சியகம் 2020 இற் பூட்டப்பட்டது. 2024 இல் நிரந்தரமாக மூடப்பட்டு, அங்கிருந்த பொருட்களிற் பல ஏலத்தில் விடப்பட்டன. செய்நிரல் எண்ணற்ற பிரதிகளாக வாழ, அதனைச் சுமந்த இரும்பே இடமின்றிப் போயிற்று.

சி மொழியில் எழுதப்பட்ட முதற் கருப்பகுதியான நான்காம் பதிப்பு அப்போதும் கிடைக்கவில்லை. 2025 இல், யூட்டாப் பல்கலைக்கழகத்தின் கணனித் துறையினர் களஞ்சிய அறையொன்றைத் துப்புரவு செய்கையில், நான்காம் பதிப்பு எனக் கையால் எழுதப்பட்ட காந்த நாடாச் சுருளொன்றைக் கண்டெடுத்தனர். அது கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று அரும்பொருட் காட்சியகத்திற்குக் கையிலேயே கொண்டுசெல்லப்பட்டது. அரை நூற்றாண்டு பழமையான நாடாவிலே காந்தப் பூச்சு உரிந்துவிடுமாகையால், ஒருமுறை ஓட்டுவதற்கே வாய்ப்புக் கிட்டலாம் என்னும் அச்சம் இருந்தது. எனவே நாடாவின் தலையிலிருந்து எழும் மின் சமிக்ஞையை அப்படியே பதிவு செய்து, பின்னர் செய்நிரல் கொண்டு அதனைப் பிற்றுக்களாக வாசிக்கும் முறை கையாளப்பட்டது. டிசெம்பரில் நாடா வாசிக்கப்பட்டது. 1974 ஜனவரியிற் பேர்க்ளி மாணவர் தம் பி.டி.பி. 11/45 இல் நிறுவிய அதே பதிப்பினை, சில நாட்களுள் வெவ்வேறு நாடுகளிலிருந்தோர் அதே கணனியைப் போல நடக்கும் செய்நிரல்களில் நிறுவி இயக்கினர்.